ஈரச் சில்வண்டு

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. என் வீட்டில், போன மார்கழியில்.

என் பெயர் கொறற்றி. ஜெர்மனியில், ஹம் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்தான் என் கை. சீழ், இரத்தம், ஊத்தை... எதற்கும் முகம் சுளிக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் அருவருத்தேன் என்றால், யோசித்துப் பாருங்கள்.

பழைய சீனப் பொருட்கள் என்றால் எனக்குப் பைத்தியம். துணி முடிச்சையே பொத்தானாக வைத்த சீனப் பட்டுச் சட்டையோடு கலியாண வீட்டுக்கே போயிருக்கிறேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பக்கத்து ஊரான சோஸ்ட்டில் திருமதி வென்ட்ஸல் என்ற ஜெர்மன் அம்மா, இறந்துபோன கணவர் சேர்த்த சீனப் பொருட்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ரயில் ஏறிவிட்டேன். நீலப் பூச்சாடிகள், மூங்கில் வரைந்த சுருள் ஓவியங்கள், கற்பூரம் மணக்கும் அங்கிகள். அவற்றுக்கு நடுவே அது இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சில்வண்டு. வெளிர் பச்சை ஜேட் கல். செதுக்கியவன் பத்து வெட்டுக்கூட வெட்டியிருக்க மாட்டான். ஆனாலும் சிறகு இரண்டும் இப்போதுதான் மடிந்தவை போல இருந்தன. கையில் எடுத்த பிறகு விட மனம் வரவில்லை.

அந்த அம்மா மட்டும் அதை விரலால் தொடவில்லை. காகிதக் கைக்குட்டையால் பிடித்துச் சுற்றித் தந்தார்.

வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாள் பார்த்தால் ஈரம்.

"இஞ்சேருங்கோ, இது நனைஞ்சு கிடக்கு."

கணவர் மிதுஷன் எட்டிப் பார்த்தார். "ஹீற்றர் சூட்டுக்கு வேர்த்திருக்கும். துடைச்சு வையும்."

துடைத்தேன். துணியை எடுத்தபோது... ஈரம் நூல் நூலாக இழுபட்டது.

தண்ணீர் அப்படி இழுபடாது. எச்சில்தான் இழுபடும். எனக்குத் தெரியாதா?

மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தேன். அழுகிய ஈறு. பல நாள் கழற்றாத பல் செட்டு. கிழட்டு வாய் நாற்றம். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மறுநாளும் ஈரம்.

அதற்கு அடுத்த நாளும்.

சனிக்கிழமை. மிதுஷன் கடைக்குப் போயிருந்தார். மாலை நாலரைக்கே வெளியே இருட்டிவிட்டது. ஒன்றரை வயது மகள் கவிசா அறையில் தூக்கம். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். அவள் அறைச் சத்தத்தைக் கேட்க வைத்திருந்த கருவி திடீரென்று உயிர்பெற்றது.

சப்... சப்... சப்...

பல்லில்லாத வாய் எதையோ சப்புகிற சத்தம்.

ஓடினேன். வழியில் அலுமாரி. பூட்டு பூட்டியபடி. உள்ளே சில்வண்டு இல்லை.

கவிசா மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

விரலை விட்டேன்.

குளிர். வழுவழுப்பு. இழுத்தேன்...

வரவில்லை.

உள்ளே ஒரு நாக்கு அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. தடித்த, சொரசொரத்த நாக்கு.

என் பிள்ளையின் நாக்கு அப்படி இருக்காது.

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வந்தது. கூடவே கோழையாக எச்சில். என் முழங்கை வரை வழிந்தது.

கவிசா விழிக்கவே இல்லை. மூச்சு மட்டும் விட்டாள்.

அதே கிழட்டு நாற்றம்.

அப்படியே நிலத்தில் வாந்தி எடுத்தேன்.

மிதுஷன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். மிதுஷன் சில்வண்டை ஒரு போத்தலில் போட்டு இறுக மூடினார். "விடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும். இது இனி இஞ்ச இருக்கேலாது."

மறுநாள் சோஸ்ட். கதவைத் திறந்த திருமதி வென்ட்ஸல், என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

"மறுபடியும் ஈரமா?"

போத்தலை அவர் முன்னால் நீட்டினேன். "தெரிந்துதான் விற்றீர்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பழைய சீனாவில் இறந்தவரின் நாக்கில் இப்படியொரு சில்வண்டை வைத்துப் புதைப்பார்களாம். மண்ணிலிருந்து சில்வண்டு எழுவது போல அவரும் எழுவார் என்று. கணவரும் அதையே கேட்டிருந்தார். இவரும் வைத்தார். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் மனம் மாறி, வாயைப் பிளந்து, தன் கையாலேயே எடுத்துவிட்டார்.

"அவ்வளவு அழகான பொருள். வீணாகப் போகக் கூடாது என்று நினைத்தேன்."

"கல்லறையைத் திறந்து அவர் வாயிலேயே திருப்பி வையுங்கள்!" என்று கத்தினேன்.

"எரித்துவிட்டோம்," என்றார். "வைப்பதற்கு வாய் இல்லை."

போத்தலை வாசலிலேயே வைத்துவிட்டு நடந்தேன். ரயிலில் எதிரே இருந்தவர் ஏதோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஹம் வரும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.