சித்தியின் மூச்சும் பிளஷரின் ஹீட்டரும்

மழை நாளில் காரில் ஏறினால் நான் முதலில் தலைகளை எண்ணுவேன். தலைக்கு ஒரு மூக்கு; மூக்கு கூடக் கூடக் கண்ணாடியில் ஆவி படியும். மகன் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, "பேசாம இருங்கப்பா" என்பான். கண்ணாடி முழுக்கத் தெளியும்வரை எனக்கு நிம்மதி இராது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன ஒரு பயணம்தான் காரணம்.

அப்பாவிடம் பழைய சீமைக் கார் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் காரைப் பிளஷர் என்போம். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் ஒரு துரை ஓட்டியதை அப்பா வாங்கியிருந்தார். குளிருக்காக அதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். ஆனால் பொத்தானைத் தட்டினால் சூடே வராது, வெறும் காற்றுதான் வரும். கெட்டதும் நல்லதற்கே என்று அப்பா சித்திரை வெயிலில் அதையே மின்விசிறியாக வைத்துக்கொண்டார். அம்மாவின் தம்பியான மாமா, அத்தானுடைய ஹீட்டரில் சளி பிடிக்கும் என்று போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரித்து வந்தார்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தியை ஓர் ஐப்பசி மாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் ஏற்றப்பட்டேன். சித்திக்கு வயிற்றுவலி என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். முன்னால் அப்பாவும் மாமாவும், பின்னால் அம்மா, சித்தி, நான்.

வீரவநல்லூர் தாண்டியதும் மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியை இறக்கினால் சித்தி நனைவாள். ஏற்றினால் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். மாமா துண்டால் துடைத்தார். துடைத்த கை மடங்கும் முன் மறுபடி படிந்தது. புகையிலையைத் தேய்த்தால் ஆவி பிடிக்காது என்று தன் வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துத் தேய்த்தார். அதுவரை வெள்ளையாக இருந்தது பழுப்பாகிவிட்டது. அப்பா மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். மாமாவுக்குக் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"ஏலே, என்னலே இப்படி மூச்சு விடுதே? கொஞ்சம் அடக்கிட்டு இரு."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அடக்கினேன், விட்டேன், மறுபடி அடக்கினேன். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். சித்தியும் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட நெடுநேரம் அடக்கினாள். பிறகு மெல்ல விட்டுவிட்டுச் சாய்ந்தாள். கண்ணாடிக்காக அவளும் பாடுபடுகிறாள் என்று எனக்கு ரோஷம் வந்தது. அடுத்து எப்போது அடக்குவாள் என்று எண்ணத் தொடங்கினேன். சேரன்மகாதேவி வருவதற்குள் எனக்குத் தோல்வி நிச்சயமாகிவிட்டது.

"அம்மா, சித்தி அடிக்கடி அடக்குதா. முதல்ல நடுவுல முந்நூறு எண்ணுனேன். இப்ப நூறுகூட வரல."

அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமாவின் தோளைத் தட்டினாள். "பைய போனது போதும். அத்தானை வேகமா விடச் சொல்லு."

"ரோடு தெரியாம எங்கன விட?" என்றார் அப்பா. ஆனால் காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

கண்ணாடியில் சூடான காற்று பட்டால் ஆவி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். காற்று வருகிறது, ஆகவே விசிறி சரி. சூடு வரவில்லை, ஆகவே இன்ஜினின் வெந்நீர் ஹீட்டருக்குப் போகவில்லை. இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மழையில் இறங்கி மூடியைத் தூக்கினார். மாமா துண்டைக் குடையாகப் பிடித்தார். குழாயைத் தொட்ட அப்பா கையை உதறினார், கொதித்தது. அரைச்சாண் தள்ளித் தொட்டார், ஐஸாக இருந்தது. நடுவில் ஒரு சின்னத் திருகுக்குழாய் மூடிக் கிடந்தது, கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு குமிழ்தான் மிச்சம். மலையிலிருந்து இறக்கியபோது யாரோ ஒரு புண்ணியவான் கீழ்நாட்டுக்குச் சூடு எதற்கென்று மூடியிருக்க வேண்டும். ஹீட்டர் ஒருநாளும் கெட்டிருக்கவில்லை.

"வே மாப்பிள, பாக்குவெட்டிய எடும்" என்றார் அப்பா.

பாக்குவெட்டியின் வாயில் அந்தக் குமிழைக் கடிக்கவைத்து இருவரும் சேர்ந்து திருகினார்கள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவதில் இளகியது.

முதலில் தூசி வாடை வந்தது, பிறகு கதகதப்பு. கண்ணாடியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிறை தெளிந்தது. அது வளர்ந்து, தார்ரோடும் வயலும் தெரிந்தன. அப்பா பறந்தார். அதன்பின் மாமா ஹீட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது, ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சித்தியைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனதும் அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நனைந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அம்மா வெளியே வந்தாள். மூச்சடக்கியதில் ஜெயித்தது யார் என்று கேட்டேன்.

"சித்திதாம்ல ஜெயிச்சா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தோற்றதற்கு அவள் ஏன் இவ்வளவு அழவேண்டும் என்று சங்கடமாக இருந்தது. ஜெயித்தவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க உள்ளே போனேன். வெள்ளைத்துணியில் சுற்றி, சிவப்பாக, சுருங்கிப்போய் ஒன்றைக் காட்டினார்கள். அவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று நினைத்தேன். தோற்ற வருத்தம் அப்போதே போய்விட்டது.