பத்து நிமிடம் முந்திய கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், செங்கம் சாலையில் இருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு மதிய வேளையில் மட்டும் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஒரு வயது. எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்வார். அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரில் இரவு டியூட்டி, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“அஞ்சு இருபதுக்கு மேல நிக்க முடியாது கண்ணு. இன்னொரு தரம் லேட்டானா மெமோதான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதனால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போலவே உட்கார்ந்திருப்பேன். பால் புட்டியைக் கழுவினேனா, காலையில் உடம்பு லேசாகச் சுட்டதே, இப்படியே யோசனை ஓடும்.

நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு நேரம் நினைவில் நிற்காது. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் கேட்கும். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடித்துவிடுவேன். முதலாளி கைக்கடிகாரம் கட்டாதவர். திரையில் ஐந்து காட்டினால், கிளம்புங்கம்மா என்பார். நான் வீடு போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும்.

ஒரு நாள் நான் வருவதற்குள் அவரே கம்ப்யூட்டரைப் போட்டு, கேள்விகளுக்கெல்லாம் வெறும் என்டரைத் தட்டியிருக்கிறார். அன்று அச்சான பில்லில் பல வருடம் பின்னே போன ஒரு ஜனவரி முதல் தேதி விழுந்திருந்தது. அதை வாங்கிய நிலக்கடலை மண்டிக்காரர், தேதி பழசு என்றால் ரேட்டும் பழசாகப் போடுங்கள் என்று கலாட்டா செய்தார். அடுத்த வாரமே முதலாளி மெட்ராசிலிருந்து கடிகார கார்டு வரவழைத்துவிட்டார்.

உள்ளங்கையளவு பச்சை அட்டை. அதில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. பொருத்த வந்தவர் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பள்ளத்தில் அதை அழுத்திச் சொருகினார். ரேடியோவில் இரண்டு மணிச் செய்திக்கு முன் வரும் பீப் சத்தத்துக்காகக் காத்திருந்து நேரம் வைத்தார். இனி மின்சாரம் போனாலும் இது மறக்காது என்றார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“உங்க வாட்ச் பத்து நிமிஷம் ஜாஸ்தி போவுதே மேடம்.”

என் வாட்ச் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து வைத்தது. அக்காவும் ஜன்னல் வழியாக என்னைக் கேட்டுத்தான் தன் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். அப்படியானால் இன்று திரையில் ஐந்தாகும்போது அக்கா வீட்டில் ஐந்து பத்து ஆகியிருக்கும். பத்து நிமிடம் முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாமா? புது கார்டு வந்த அன்றைக்கேவா? கேட்கவில்லை. ஐந்து அடித்ததும் ஓடினேன்.

அக்கா என் மகளை இடுப்பிலும் பையைத் தோளிலுமாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர் வீட்டுக் கடிகாரத்தில் ஐந்தரை. இன்றைக்கென்று பஸ் நேரத்துக்கே வந்து போயிருக்கும் என்று முகம் வாடியிருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, குழந்தையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே ஓடினேன். நிறுத்தத்தில் பஸ் இன்னும் வரவில்லை. நாங்கள் நின்று மூச்சு விட்ட பிறகுதான் திருப்பத்தில் தலை காட்டியது.

அக்கா யோசித்தார். “இந்த பஸ் தினமும் பத்து நிமிஷம் லேட்டுனு நான் அந்த டிரைவரைத் திட்டாத நாளே இல்ல. பாவம், அவரு கரெக்டா வந்துட்டு இருந்திருக்காரு.”

படியில் ஏறியவர் திரும்பினார். “நாளைலருந்து மெதுவா நடந்தே வா. கொழந்தைய வெச்சிக்கிட்டு நான் உக்காந்திருக்கேன்.”

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கேட்டேன். கல்யாணமான புதிதில், நான் கிளம்ப நேரமாக்குகிறேன் என்று அவர்தான் சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தாராம். சரி செய்யட்டுமா என்றார். கொஞ்சம் யோசித்து, வேண்டாம், அந்தப் பத்து நிமிடம் கையிருப்பாக இருக்கட்டும் என்றேன்.