செருப்பு யார் கையில்

சமையல் மேடைக்கு அடியிலிருந்த டப்பாக்களை வெளியே எடுத்து அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

பல வருஷம் வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடித்தவர் அவர். புத்த விகாரையில் ஐந்து சீலங்களை ஏற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து எந்த உயிரையும் கொல்வதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டுத் துணிக்கடையில் காவலுக்கு நிற்கிறார். அவளுக்கு அதில் குறையில்லை. மருந்து நாற்றம் அடிக்காத சட்டையைத் துவைக்க யாருக்குக் கசக்கும்? முன்கோபமும் குறைந்திருக்கிறது.

ஆனால் கரப்பான் வந்தால் மட்டும் அவளைக் கூப்பிடுவார்.

"குழாய்க்குப் பின்னாடி பாரு. ஈரம் இருந்தா அங்கதான் ஒளியும்."

அங்கேதான் இருந்தது, மீசையை ஆட்டிக்கொண்டு. பழைய செருப்பை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, விகாரையில கொல்லக் கூடாதுன்னாங்க, சரி. ஆள் வெச்சுக் கொல்லலாம்னாங்களா?"

"நான் எங்க கொல்லச் சொன்னேன்? இருக்கிற இடத்தைத்தானே சொன்னேன்?"

"நல்லா இருக்கே! புண்ணியம் உங்களுக்கு, செருப்பு எனக்கா? எல்லா உயிரும் நல்லா இருக்கணும்னு நீங்க அங்க கண்ணை மூடி உட்கார்ந்திருக்கீங்க. நான் இங்க செத்ததைக் கூட்டி அள்ளிட்டிருக்கேன்."

அவர் பிடரியைச் சொறிந்தார். இதை அவரும் யோசிக்காமல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்போ என்னை என்னதான் செய்யச் சொல்றே?"

அவள் செருப்பை அவர் காலடியில் போட்டாள். ஒரு காலி டப்பாவையும் மூடியோடு பக்கத்தில் வைத்தாள். ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி சமையலறையை விட்டு வெளியே போனாள்.