என் குரலில் பேசிய ஆமை

சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குப் பெரிய வேடம் எதுவும் கிடைத்ததில்லை. கூட்டத்தில் அலறும் பெண், போனில் ராங் நம்பர் என்று சொல்லும் பெண், கதாநாயகியின் பின்னால் சிரிக்கும் தோழி, இவ்வளவுதான். ஒரு நாள் குழந்தைகளுக்கான அனிமேஷன் படம் ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பாத்திரம் ஒரு நீல ஆமை.

அந்த ஆமை எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சாவி கொடுத்தால் தரையில் நாலடி நகர்ந்து, தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பொம்மை. அப்போது அதற்கு வாய் பேச வராது. வாங்குகிறவர்கள் குறைந்துபோன பிறகு, பொம்மை செய்யும் கம்பெனியே அதை வைத்து ஒரு படம் எடுத்தது. இருட்டுக்குப் பயப்படும் ஒரு குழந்தைக்கு ஆமை காவல் இருக்கும் கதை. இரண்டு நாளில் பேசி முடித்தேன். டைரக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: எதைச் சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்க வேண்டும்.

படம் எல்லோரும் நினைத்ததைவிட நன்றாக ஓடியது. உடனே பேசும் ஆமை ஒன்று கடைக்கு வந்தது. அதன் முதுகில் உள்ள பொத்தானை அழுத்தினால் எட்டு வாக்கியங்கள் மாறி மாறி வரும். எட்டும் நான் பேசியவை. பிறகு பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், செருப்பு என்று ஆமை எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. இரண்டாவது படத்துக்கும் நானே பேசினேன். அந்த முறை ஒரு தடித்த காகிதக் கட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என் கணவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. அவருக்கு ஹேடோவில், துறைமுக வேலைகள் பிரிவில் பணி. எங்களுக்கு டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ் மாடி வீடு கிடைத்தது. கீழ்வீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். அவள் அரசு அலுவலகத்தில் கிளார்க். அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கணவன் கப்பலில் வேலை செய்பவன். மாதக்கணக்கில் வரமாட்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மழை தொடங்கிய வாரம். மூன்றாவது நாள் மத்தியானம், சாமான் பிரித்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து ஒரு பெண் பேசினாள். "யாராவது இருக்கீங்களா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் குவார்ட்டர்ஸிலிருந்து, "பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்" என்று வந்தது. அதுவும் நான்தான். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து என் சிரிப்பு கேட்டது.

தீவுக்குச் சாமான் பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலில் வருவதால் ஆமைகளும் தமிழ் பேசுபவையாகவே வந்திருந்தன. வங்காளி வீட்டிலும் தெலுங்கர் வீட்டிலும் அதே ஆமைதான். வங்காளிக் குழந்தைகள் என் எட்டு வாக்கியங்களை அர்த்தம் தெரியாமல், என்னுடைய ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் உள்ளே ஏதோ ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. மழை பிடித்தால் பொத்தானை அழுத்தாமலே பேசும்.

கீழ்வீட்டுப் பெண் முதல் தடவை மேலே வந்தபோது, இந்தி கலந்த தீவுத் தமிழில் இதைத்தான் சொன்னாள். "மழை வந்தா ஏக்தம் நிறுத்தாம பேசுதுங்க அக்கா. நாங்க பழகிட்டோம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் அதுவரை இரண்டு மூன்று வாக்கியம்தான் பேசியிருந்தேன். அவள் முகம் மெல்ல மாறியது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் கொடுத்த டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் நான் பேசுவதைக் கேட்டால் அந்தச் சின்னப்பெண் அப்படியே நின்றுவிடுவாள். ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் வந்து என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே பிள்ளைகள் ஆமையைக் கச்சுவா என்றுதான் சொல்வார்கள்.

"ஆண்டி, கச்சுவாவை முழுங்கிட்டீங்களா?"

ஆமாம் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னை விடவில்லை. நர்சரி இல்லாமல் தாய் மட்டும் அலுவலகம் போகும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டிலேயே இருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குச் சோறு ஊட்டும்போது எட்டு வாக்கியங்களில் ஒன்றைச் சொன்னால் போதும், வாய் தானாகத் திறக்கும்.

அடுத்த வருஷம் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. மெயின்லேண்டுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். குரல் நாணுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்ததால் அதைக் காப்பாற்ற முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பல வாரங்கள் பேசாமல் இருந்து, முதல் சொல்லைச் சொல்லிப் பார்த்தபோது காய்ந்த ஓலையை இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. இதற்குமேல் பெரிதாக மாறாது என்றார் டாக்டர். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் சின்னப்பெண் ஓடி வந்தாள். நான் அவளை அழைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"கச்சுவா வெளிய போயிடுச்சா?" என்றாள்.

தலையாட்டினேன். எங்கே போனது என்று கேட்டாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது படத்துக்குச் சென்னையிலிருந்து கூப்பிட்டபோது, இனி என்னால் பேச முடியாது என்று கணவர்தான் எடுத்துச் சொன்னார். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். வேறு யாரையாவது வைத்துப் பேசவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தின் விளம்பரம் டிவியில் வந்தது. ஆமை கடலுக்கு அடியில் நின்று பேசியது. அது என் குரல். நான் ஒருபோதும் சொல்லாத வாக்கியங்களை, நான் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னது. நடுவில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சும் என்னுடையது.

கம்பெனிக்கு எழுதினேன். இரண்டாவது படத்தின்போது பதிவு செய்ததிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் குரலை உருவாக்கியிருக்கிறோம், அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே அந்தப் பக்கத்தின் நகலும் வந்தது. கீழே என் கையெழுத்து அவசரமாகச் சாய்ந்திருந்தது.

படம் போர்ட் பிளேருக்கு வந்ததும் சின்னப்பெண் பிடிவாதம் பிடித்து எங்கள் எல்லோரையும் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். படம் முழுவதும் அவள் திரையைப் பார்த்த நேரத்தைவிட என் வாயைப் பார்த்த நேரம்தான் அதிகம். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாத ஒரு பாட்டை நான் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தோடு புது ஆமை ஒன்றும் வந்தது. இது எட்டு வாக்கியத்தோடு நிற்பதில்லை. கேள்வி கேட்டால் இன்டர்நெட் வழியாக, என் குரலிலேயே பதில் சொல்லும். கப்பலிலிருந்து வந்த தகப்பன் மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் எங்கள் மேட்டில் நெட் நிலையாக இருக்காது. குழந்தை ஒன்று கேட்பாள், ஆமை பேசாது. அவள் சலித்துப்போய் விளையாடப் போய்விடுவாள். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்து, யாரும் இல்லாத அறையில் அது பதில் சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு நான் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தேன். கணவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து என் பழைய குரல், "சாப்பிட்டாச்சா?" என்றது.

"ம், ஆச்சு. நீ?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் வராததால் அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தலையைத் தூக்கினார். கட்டிலில் நான் கண் திறந்து படுத்திருப்பதைப் பார்த்தார். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். புழுக்கமான நாள், ஆனாலும் சாயங்காலம் வரை அதைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் "நீ?" என்று கேட்டதில் இருந்த குழைவை நான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேட்டதே இல்லை. அதுதான் நெஞ்சில் நின்றது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, குழந்தை வழக்கம்போல எங்கள் வீட்டில் இருந்தாள். மேலே வருவதற்கு முன் ஆமையிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அன்று காலையிலிருந்தே நெட் இல்லை. தாய் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்திருக்கிறாள். பூட்டைத் திறந்து, கதவை லேசாகத் தள்ளும்போது உள்ளேயிருந்து நான் பேசினேன்.

"வந்துடுவாங்க. அதுவரைக்கும் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே."

அவள் பூட்டைக் கையில் பிடித்தபடியே மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. என்னையும், என் மடியில் உட்கார்ந்திருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நெடுநேரமாக இங்கேதான் இருக்கிறோம் என்றேன். குழந்தையை விசாரித்ததில், அம்மா எப்போது வருவாள் என்று ஆமையிடம் கேட்டதாகச் சொன்னாள்.

நாங்கள் மூவரும் கீழே போனோம். ஆமை பாயின் மேல் கதவைப் பார்த்தபடி இருந்தது. தாய் அதைத் திருப்பி, பேட்டரியைக் கழற்றினாள். குழந்தை ஓவென்று அழத் தொடங்கினாள். அழுகை நிற்கவில்லை. சோறு வேண்டாம் என்றாள், படுக்கமாட்டேன் என்றாள். கடைசியில் தாயே என்னிடம் கெஞ்சலாகக் கேட்டாள். "நீங்க ஒருதரம் சொல்லிப் பாருங்க அக்கா. அந்தப் பழைய வாக்கியம்."

நான் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொன்னேன். கரகரவென்று வந்தது. குழந்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. ஆனால் அது நான் நினைத்த காரணத்தால் அல்ல.

"இப்படி இல்ல," என்றாள். "அஸ்லி ஆவாஸ்ல சொல்லுங்க."

நிஜக் குரலில் சொல்லச் சொன்னாள். நான் அவளைத் தாயிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

அந்தக் குடும்பம் மழைக்கு முன் பாராடாங் தீவுக்கு மாற்றலாகிப் போனது. மகளின் பிடிவாதத்தைத் தாங்க முடியாமல் ஆமையையும் எடுத்துப் போனார்கள். ஆனால் அங்கே நெட் கிடையாது, அது பேசுவதே இல்லை, குழந்தையும் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள் என்று தாய் போனில் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

போன வருஷம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். நான்காவது படம் வருகிறது, டிவி தொடர் ஒன்றும் வருகிறது, புதிய விதிப்படி என் சம்மதத்தை என் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றான். நான் முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவன் எதைப் படிக்கச் சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. ஒரு வாக்கியம் கொடுத்து மூன்று முறை படிக்கச் சொன்னான். படித்தேன். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், குரல் பொருந்தலைன்னு வருது," என்றான். "அவங்க பக்கத்துல இருந்தா போனைக் கொடுக்கிறீங்களா?"

நான்தான் அவள் என்றேன். அவன் தயங்கினான். பழைய முகவரி, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னேன். இருந்தாலும் இயந்திரம் ஏற்கவில்லை, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மன்னிப்புக் கேட்டான். அப்படியானால் என் குரலைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதையும் குரலில்தான் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் பொருந்த வேண்டும் என்றான். பழைய காகிதமே செல்லும் என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான்காவது படத்தின் விளம்பரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பகுதிக்குப் புதிதாக மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். அவளுக்கு என்னுடைய இந்தக் குரல்தான் தெரியும். போன மாதம் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே டிவியில் விளம்பரம் வந்தது. அவள் கத்தியை நிறுத்திக் கேட்டாள்.

"யாருக்கா உள்ள பேசுறது? ஒங்க மகளா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஆமா. மகதான்," என்றேன்.

நல்ல குரல், சின்ன வயசுபோல என்றாள். மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்தபோது மகள் எங்கே என்று விசாரித்தாள். மெயின்லேண்டில் வேலை பார்க்கிறாள், இனி அடிக்கடி வரமாட்டாள் என்று சொன்னேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. பெரிய சூரை மீனில் தலைப்பக்கம் வேண்டுமா, நடுத்துண்டு வேண்டுமா என்றாள். நடுத்துண்டு வாங்கிக்கொண்டேன்.