பஞ்சர் கடையில் ஒரு கப்பல்

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடியே அருணகிரி கப்பலைக் கிளப்பிவிடுவார். "இப்பத்தாஞ் சாமி, பாய விரிச்சுக்கிட்டு வாரான் நம்ம கேப்டன்." குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியைக் குத்தி வைத்துவிட்டு, எதிரே வெயிலில் மிதக்கும் புதுச்சத்திரம் நெடுஞ்சாலையைக் கடலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இதைக் கேட்பதற்கென்றே நல்ல டயருக்குக் காற்றுப் பார்க்க வண்டியை நிறுத்தும் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

கதை, இளவட்டத்தில் அவர் சேலத்தில் காலைக் காட்சியாகப் பார்த்த இத்தாலிப் படம். 'அந்த மாதிரி' படம். பழைய கடல் வீரர் கதைகளைக் கேலி செய்ய எடுத்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த கூட்டம் பிட்டு முடிந்ததும் எழுந்துவிடும். கொட்டகைக்காரர் அத்துடன் மெஷினை நிறுத்திவிடுவார். அருணகிரி திரும்பத் திரும்பப் போயும் கடைசி ரீல் ஓடவேயில்லை.

"துணியில்லாத சமாச்சாரத்த யாருங்க பாத்தா? தீவுல மாட்டுன புள்ளைய அவங்கப்பன் ஊட்டுல சேத்தானா இல்லியான்னு தெரியோணுமில்லீங்க?" என்பார். முதல் வாக்கியத்தை நான் நம்பவில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிவிடுவதால் நம்பித்தான் ஆகவேண்டும். ஆளுக்கொரு முடிவு சொல்வார்; எதுவும் அவருக்கே பிடிப்பதில்லை.

போன வாரம் டிரெய்லர் ஓட்டும் சந்தோஷ்குமார் முழுப் படத்தையும் போனில் பிடித்துக்கொண்டு வந்து, கடைசிக் காட்சிக்குத் தள்ளி நீட்டினார். அருணகிரி ரெண்டடி பின்னால் போனார்.

"வேண்டாஞ் சாமி. கேப்டன் செத்துக்கித்துப் போயிருந்தான்னா?" டீ கொண்டுவந்த மனைவி மலர்விழியிடம், "நீ பாத்துப்போட்டுச் சொல்லு புள்ள," என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மலர்விழியின் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். நடுக்கடலில் கேப்டன் ஒட்டுமீசையைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார். அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டு ஆட்கள் வந்து கடலைச் சுருட்டுகிறார்கள். வெறும் நீலத் துணி. படம் முடிந்தது.

"என்ன புள்ள ஆச்சு?"

"கரை சேந்துட்டாங்க," என்றார் மலர்விழி.

"அந்தப் புள்ள?"

"அவங்கப்பன் ஊட்டு வாசல்லயே எறக்கிவுட்டுட்டானுங்க."

அருணகிரியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. சந்தோஷ்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மலர்விழி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டீ டம்ளரைச் சந்தோஷ்குமார் கையில் திணித்தார்.