வின்னியின் அண்ணன்

அப்பா திங்கட்கிழமை காலை செத்துப்போனார். புதன்கிழமை காலை அவருடைய மழைக்கோட்டைத் துழாவியபோது உள்பையில் ஐந்து மருந்துச் சீட்டுகள் இருந்தன.

ஹெட்லி கிராப்ட்ரீ, வயது எண்பத்தொன்று. பஸ் டிப்போவில் நாற்பது வருடம் மெக்கானிக். ஓய்வு பெற்றபின் எங்கள் தெருவுக்கு மருந்து சுமந்தார். தெரு செங்குத்தான மேடு. கிழடுகள் இறங்கினால் ஏற முடியாது. மாதம் ஒருமுறை தீர்ந்துபோன மருந்துக்கு எதிரே டிக் போட்டுச் சீட்டை அப்பாவிடம் கொடுப்பார்கள். அவர் சைக்கிளில் இறங்கி, கிளினிக் சுவரில் உள்ள பெட்டியில் போடுவார். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து, அதே கிளினிக்கின் ஜன்னலில் மருந்துப் பைகளை வாங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவார். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் அந்த நாற்பத்தெட்டில் சேராது.

சீட்டின் அடியில் டாக்டருக்குச் சேதி எழுத ஒரு கட்டம் உண்டு. ஊரே அதைக் காலியாக விடும். அப்பா விடமாட்டார். ஐந்தில் ஒன்று அவருடையது. அதில் இந்த மாதம் எழுதியிருந்தது: "புது மாத்திரையில் கால் வீங்குகிறது. நீங்கள் ஒரு வாரம் தின்று பார்த்துவிட்டுச் சொல்லவும்." எல்லா மருந்துக்கும் டிக் போட்டிருந்தார். இனி அவசரமில்லை.

மூன்று சீட்டுகள் களிம்பு, கண் சொட்டு, மலச்சிக்கல் பொடி. காத்திருக்கலாம். ஐந்தாவது, மூன்று வீடு தள்ளியிருக்கும் வின்னி ஹோய்லுடையது. வலிப்பு மாத்திரை. போய்க் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலைக்கு ஒண்ணு இருக்கு. அதோட சரி," என்றாள். "உங்கப்பன் கொண்டாந்துருவான்னு இருந்தேன். இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

வெள்ளி முதல் திங்கள் வரை ஈஸ்டர் விடுமுறை. கிளினிக் வியாழன் மதியம் மூடினால் செவ்வாய்தான் திறக்கும். மாத்திரை நின்றால் வின்னிக்கு ஒரே நாளில் வலிப்பு வரும். போனமுறை அடுப்பின் மேல் விழுந்தாள்.

ஓடினேன்.

வரவேற்பில் கிளெனிஸ். அப்பாவின் இருபது வருட எதிரி. சீட்டை வாங்கி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"உங்கப்பா விஷயம் கேள்விப்பட்டேன் கண்ணு. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இது செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும்."

"அதுக்குள்ள அவங்க விழுந்துடுவாங்க."

"நாப்பத்தெட்டு மணி நேரம்னு போர்டுலயே போட்டிருக்கு."

"சீட்டுல ஞாயித்துக்கிழமை தேதி இருக்கு பாருங்க. அப்பா மறுநாளே போட்டிருப்பாரு. செத்துட்டாரு."

"பெட்டியில விழுந்த நேரம்தான் கணக்கு. பையில இருந்த நேரம் கணக்கில்ல." ஆனால் இழுப்பறையைத் திறந்தாள். "அவசரப் படிவம் ஒண்ணு இருக்கு. இன்னிக்கே டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. ஆனா சொந்தக்காரங்கதான் எழுதித் தரணும். நீ வின்னிக்கு என்ன வேணும்?"

நான் ரயில்வேயில் சிக்னல் சோதிப்பவள். இருபத்திரண்டு வருடத்தில் கண்ணால் பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டால் ஆட்கள் சாவார்கள். இங்கே போடாவிட்டால்.

"ஒரே தெரு," என்றேன்.

கிளெனிஸ் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். வின்னி ஹோய்ல். மருந்து வாங்க வருபவர்: ஹெட்லி கிராப்ட்ரீ. உறவு: அண்ணன்.

"உங்கப்பா பதினோரு வருஷமா அவளுக்கு அண்ணன்," என்றாள். "கண் சொட்டுக்காரருக்கு மச்சான். களிம்புக்கார அம்மாவுக்கு மருமகன். அந்தம்மாவுக்கு இவரைவிட ரெண்டு வயசு கம்மி."

எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டு இருமினார்.

"இப்ப மறுபடி கேக்குறேன். நீ வின்னிக்கு என்ன வேணும்?"

"அண்ணன் மக," என்றேன். அப்பா இறந்த பிறகு அவரை வைத்து நான் சொன்ன முதல் பொய்.

"அப்படி வா வழிக்கு." பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

"பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்கப்பாவோட ஒரே தங்கச்சிய எனக்கு நல்லாத் தெரியும். கனடாவுல இருக்கா. தெரியாம என்ன? விதி போட்டவ நான். அதை மீறத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். ஒவ்வொரு தடவையும் முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம சொல்வாரு, திருட்டுக் கிழவன்." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பின் அரை மணி நேரம் என்னைப் பார்க்கவேயில்லை. பையைக் கொடுத்தபோது மூக்கு சிவந்திருந்தது.

மேடேறினேன். வின்னி வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? உங்கப்பன் இதுக்குள்ள ரெண்டு தடவை போய் வந்திருப்பான்."

"உங்களை எங்க அத்தைன்னு எழுதிக் கொடுத்துட்டு வரேன். அப்பா உங்களுக்கு அண்ணனாம்."

"அண்ணனா?" அவள் பையைப் பிடுங்கினாள். "கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பப்புல என் இடுப்பைக் கிள்ளினவன் அண்ணனா? நல்லா இருக்குடி உங்க குடும்பம்."

உள்ளே போய் மாத்திரையின் பெயரையும் அளவையும் சீட்டோடு ஒப்பிட்டேன். சரி. வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்தாள். நான் நிரப்பினேன். வெள்ளி இரவு. சனி காலை, இரவு. ஞாயிறு. திங்கள். செவ்வாயில் கை நின்றுவிட்டது. அன்றுதான் அடக்கம்.

வின்னி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செவ்வாக்கிழமை காலையில முக்கியமா போடு," என்றாள். "கல்லறையில நான் விழுந்து துடிச்சா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. உங்கப்பன் சவப்பொட்டியிலிருந்து எந்திரிச்சு வந்து சண்டை போடுவான்."

சிரித்தேன். பிறகு அது சிரிப்பாக இல்லை. அவள் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு செவ்வாய் காலைக்கான மாத்திரையைப் போட்டு மூடியை அழுத்தினேன்.