காதில் சொல்லும் பெயர்

சாப்பாட்டுப் பந்தியில் 'போதும்' என்று என் நாத்தனார் சொல்லி நான் வெகுகாலம் கேட்டதில்லை. பரிமாறுகிறவர் கரண்டியோடு குனிந்தால் இடது கையைக் குவித்து இலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். ஆள்காட்டி விரலில் கதிர் அரிவாள் கிழித்த பழைய வடு ஒன்று வெளுப்பாகத் தெரியும். "மூடி போட்டாச்சும்மா" என்று சிரிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அதை அவருடைய வேடிக்கைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைக்கிற மனுஷி அவர். ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் பெயர் போதும்பொண்ணு. என் மாமியாருக்கு இரண்டாவது பெண். மூன்றாவதும் பெண்ணாகிவிடக் கூடாது என்று, வந்தவளையே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தச் சொல்வதுபோல வைத்த பெயர். அவருக்கு அடுத்துப் பிறந்தவர்தான் என் கணவர். ஆக, அந்தக் குடும்பத்துக் கணக்கில் பெயர் பலித்துவிட்டது. உரம் போட்டோம், விளைந்தது என்கிற மாதிரிதான் மாமியார் அதைச் சொல்வார். நாத்தனாரும் மனம் கசந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாண வீடுகளில் என் கணவரைக் காட்டி, "சாமிகிட்ட நான் சொல்லிவிட்டுத்தான் இவன் வந்தான். ஆயுசுக்கும் இவன் எனக்குக் கும்பிடு போடணும்" என்று பெருமையாகவே சொல்லுவார். பெருமைப்படுகிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அழுகிறவராக இருந்திருந்தால் தைரியமாகக் கேட்டிருப்பேன்.

எங்களுக்கும் இரண்டாவது பெண் பிறந்தாள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். நர்ஸ் வந்து சொன்னபோது மாமியார் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். கெட்டவர் இல்லை. எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப்போட அவர் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் காரில் திரும்பும்போது, இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்த வயல்களைப் பார்த்தபடியே சொன்னார்: "பேருக்கு எங்கயும் அலைய வேணாம். நம்ம வீட்டுலயே ராசியான பேரு ஒண்ணு இருக்கு." பிள்ளையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டேன். அது வீறிட்டது.

எங்கள் பக்கத்தில் தொட்டில் போடுகிற நாளில் பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு, அதாவது குழந்தையின் அப்பாவுடைய அக்கா தங்கைக்கு. வெற்றிலையைக் குழந்தையின் காதோடு சேர்த்துப் பிடித்து மூன்று தரம் சொல்வார். அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் பெயர். மாற்றுப் பேச்சு கிடையாது. சிங்கப்பூரில் இருந்த என் கணவரிடம் போனில் அழுதேன்.

"அக்கா சொல்றதுதாம்மா பேரு. நான் இங்கேருந்து என்ன பண்றது? சர்டிஃபிகேட்டுல உனக்குப் புடிச்சதைப் போட்டுக்க."

"சர்டிஃபிகேட்டைப் பாத்தா தெருவுல கூப்புடுவாங்க?"

அவரையே அந்த வீட்டுக்குக் கொண்டுவந்த பெயரல்லவா அது, எந்த வாயால் வேண்டாம் என்பார்?

எனக்கு அம்மா இல்லை. அதனால் பாபநாசத்திலிருந்து நாத்தனாரே வந்து தங்கி என்னைப் பார்த்துக்கொண்டார். காலையில் முற்றத்தில் மணை போட்டு, காலை நீட்டி, கணுக்காலுக்கு மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பார். அந்தக் கை பட்டால் பிள்ளை அழாது. நான் கதவோரம் நின்று அந்தக் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வாய்தானே சொல்லப்போகிறது என்று நினைப்பேன். "குட்டி", "சிட்டு", "ஏ கழுத" என்று என்னென்னவோ கொஞ்சினாரே தவிர அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார், அன்றைக்குச் சொல்வதற்காக என்றே எனக்குத் தோன்றியது. பயந்தவளுக்கு எல்லாமே சாட்சி.

"பயந்துகிட்டே பால் குடுக்காத. பாலோட சேந்து அதுவும் எறங்கும்" என்றார் ஒருநாள். எதற்குப் பயம் என்று மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியபடியே ஒரு கதை சொன்னார். "பள்ளிக்கூடத்துல சேந்த புதுசு. டீச்சர் பேரு கேட்டாங்க. மாலதின்னுட்டேன். எங்க கேட்ட பேரோ, வாயில வந்துடுச்சு. கொஞ்ச நாளு மாலதியாவே இருந்தேன், தெரியுமா? ஒரு மத்தியானம் எங்கப்பா சோத்துத் தூக்கைக் கொண்டாந்து வாசல்ல நின்னுகிட்டு, 'ஏ போதும்பொண்ணு'ன்னு ஒரு சத்தம். முடிஞ்சுது. அன்னையோட மாலதி செத்தா." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் தளும்பியது. நானும் சிரித்து வைத்தேன். கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அதன்பிறகு நம்புவதற்கு ஒன்றும் இருக்காது.

தொட்டில் நாள் வந்தது. நாத்தனார் தன் பழைய நீலச் சேலையை உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினார். தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். "நல்லா அழுத்திச் சொல்லுடி. சாமிக்குக் கேக்கணும்" என்றார் மாமியார். நாத்தனார் வெற்றிலையை எடுத்துத் தொட்டிலுக்குள் குனிந்தார். குலவைச் சத்தம் எழுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அவர் உதடு அசையவில்லை. நிமிர்ந்து, வெற்றிலையை என் கையில் வைத்தார்.

"நீ சொல்லு."

"என்னடி இது? பெத்தவளா சொல்லுவா? அத்தைதானே சொல்லணும்" என்றார் மாமியார்.

"அத்தை சொல்லித்தாம்மா அவ சொல்றா. அந்தப் பேரு எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். சொமந்துட்டேன்ல."

"அப்ப அடுத்தது?"

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அதுக்கு இவளை எதுக்கு வாசல்ல காவலுக்கு நிறுத்தணும்?"

குலவை அடங்கிப்போய் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் அதைவிடப் பெரிய பயம் பிடித்தது. என்னிடம் பெயரே இல்லை. வேண்டாத பெயரை நினைத்து நினைத்தே நடுங்கியவள், வேண்டிய பெயர் ஒன்றை யோசிக்கவே இல்லை. மாமியார் முகம் மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அவரே சொல்லிவிடுவார். பிள்ளை கண் விழித்துப் பார்த்தது. நான் குனிந்து, வெற்றிலையைக் காதோடு சேர்த்துப் பிடித்து, சட்டென்று வாயில் வந்த பெயரை மூன்று தரம் சொன்னேன்.

"என்ன பேரு சொன்ன?" என்று நாத்தனார் கேட்டார்.

"மாலதி, அண்ணி."

அவர் சிரிக்கவில்லை. நேராகவே தொங்கிக்கொண்டிருந்த தொட்டில் சேலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யாரும் வந்து மாத்திக் கூப்புட மாட்டாங்கல்ல?" என்றார். இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த அந்த முகத்தில் என் பயத்தையே அப்போது பார்த்தேன்.

"மாட்டாங்க அண்ணி."

மாமியார் ரொம்ப நாள் அவளைச் "சின்னது" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு எப்போது மாலதி என்று மாறியதோ, கவனிக்கவில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. "ரெண்டும் பொண்ணா?" என்று யாராவது இழுத்தால், இன்றைக்கும் என் கை தானாகப் போய் அவள் காதைப் பொத்தும். அவள் வளர்ந்துவிட்டாள், தட்டிவிடுகிறாள்.

போன அறுவடை முடிந்து நாத்தனார் வந்திருந்தார். மாலதிதான் பரிமாறினாள். இரண்டாம் சோற்றுக்குக் கரண்டியோடு குனிந்தாள். அந்தக் கை எழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வடு விழுந்த விரலோடு அது மடியிலேயே கிடந்தது.

"போதும்டி மாலதி" என்றார்.

அதற்குள் அவள் இன்னொரு கரண்டி போட்டுவிட்டாள்.